உங்கள் குரல் யார் கையில்? பாட்காஸ்ட் சொற்களைப் புரிந்து கொள்வோம்!

(அச்சங்குளம் வட்டார இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

விருதுநகர் மார்க்கெட்டிற்குப் புதிதாகச் சரக்கு எடுக்கப் போகிற ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன? பணமா? பணம் பிறகு. முதலில் சொல் தெரிய வேண்டும். தரகு என்றால் என்ன, கழிவு என்றால் என்ன, ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர் கையில் லட்ச ரூபாய் இருந்தாலும் மாலையில் ஏமாந்துதான் ஊர் திரும்புவார். தொழிலின் சொல் தெரியாதவன் அந்தத் தொழிலில் அடுத்தவன் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியவன்தான்.

இன்று பாட்காஸ்ட் என்ற பெயரில் ஒரு புதிய சரக்கு சந்தைக்கு வந்திருக்கிறது. தமிழில் வலையொலி என்கிறார்கள். நம் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக் கொண்டு கேட்கிறார்கள். "நாமும் ஒன்று ஆரம்பிக்கலாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "ஹோஸ்டிங் எடுத்துத் தருகிறோம், ஃபீடு போட்டுத் தருகிறோம், பத்தாயிரம் டவுன்லோடு காட்டுகிறோம்" என்று கடை தேடி ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் இந்த உரை.

அச்சங்குளத்திற்கு எதற்கு இது?

அச்சங்குளம் என்ற பெயரை 2021 பிப்ரவரி 12-க்கு முன் வெளியூரில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? அன்று இங்குள்ள ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது. 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கு நாடே இந்த ஊரின் பெயரைச் சொன்னது. பிரதமரும் முதல்வரும் நிவாரணம் அறிவித்தார்கள். கேமராக்கள் வந்தன. பிறகு அவை போய்விட்டன.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தைப் பற்றிய செய்தி வெளியே போக வேண்டுமானால் இங்கே ஏதாவது வெடிக்க வேண்டும் என்ற நிலை இருக்கிறது. அல்லது தீபாவளி வர வேண்டும். மற்ற நாட்களில் இங்கே வாழ்கிற மனிதர் என்ன நினைக்கிறார்? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்த பிறகு ஒரு சிறு கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் என்ன நடந்தது? ஆலைக்குப் போகிற பெண்ணுக்கு எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று யார் சொல்லித் தந்தார்கள்? இதையெல்லாம் அவரவர் வாயால் சொல்லிக் கேட்க வழி உண்டா?

வானொலி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். சமுதாய வானொலிக்கு 2002-ல் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிவானது. நம் பக்கத்து மாவட்டத்தில், பாம்பனில், 2016-ல் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிகள். ஆனால் அதற்கு உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும். சில மைல் தூரம்தான் கேட்கும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் அனுமதி இல்லை. பாட்காஸ்டிற்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. ஒரு செல்போனும் அமைதியான ஓர் அறையும் இருந்தால் போதும். துபாயில் இருக்கும் நம் பிள்ளையும் கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இது நமக்கும் வேண்டிய செய்தி.

கேசட்டின் பேரப் பிள்ளை

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலைக் காத்திருந்து கேட்டவர்கள் நீங்கள். நாகூர் ஹனீபாவின் கேசட்டைத் தேய்ந்து போகும் வரை ஓட்டியவர்கள் நீங்கள். வளைகுடாவில் இருந்த மகனுக்கு வீட்டார் பேச்சைக் கேசட்டில் பதிந்து கொடுத்து அனுப்பிய குடும்பங்கள் நம்மில் எத்தனை!

வானொலிக்கு நேரம் உண்டு. தவற விட்டால் போயிற்று. கேசட்டிற்கு நேரம் கிடையாது. ஆனால் ஒருவர் கையில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கேட்கிறவருக்கு வசதிப்பட்ட நேரத்தில் கேட்கலாம், கொண்டு போய்க் கொடுக்க ஆளும் வேண்டாம் என்று இரண்டின் நல்லதையும் சேர்த்தால் அதுதான் பாட்காஸ்ட்.

பெயர் எப்படி வந்தது? ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்ற பாட்டுப் பெட்டியை விற்று வந்தது. அந்தப் பெயரின் வாலையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வாலையும் ஒட்டி, பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் நாளிதழில் இந்தச் சொல்லை எழுதினார். 2005-ல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டிற்கு இடம் தந்தது. 2022-ல் ஐபாடை நிறுத்தியே விட்டார்கள். பெட்டி போய்விட்டது, பெயர் நிற்கிறது!

தொடராக வருகிற முழு நிகழ்ச்சிக்குப் பாட்காஸ்ட் அல்லது ஷோ என்று பெயர். அதில் ஒவ்வொரு முறை வருவது எபிசோட். பத்திரிகையும் இதழும் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு எபிசோடை ஒரு தலைப்பில் கட்டி முடித்து, இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கினால் ஒவ்வொரு கட்டும் ஒரு சீசன். நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஹோஸ்ட். தொடக்கத்தில் வரும் அறிமுகம் இன்ட்ரோ, முடிவில் வருவது அவுட்ரோ. இவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

"வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புகிறோமே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. வாட்ஸ்அப் பேச்சிற்கு விலாசம் கிடையாது. யார் பேசியது, எந்த ஆண்டு பேசியது என்பது இரண்டு கை மாறினால் தெரியாமல் போகும். பாதியை வெட்டி அனுப்பினால் சொன்னதற்கு எதிர்ப்பொருள் கூட வந்துவிடும். அதனால் வருகிற கஷ்டம் என்ன என்று நம் சமுதாயத்திற்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாட்காஸ்டில் முழுப் பேச்சும் தேதியோடு, பெயரோடு, ஓர் இடத்தில் நிற்கிறது. "நான் சொன்னது இதுதான்" என்று கை நீட்டிக் காட்டலாம்.

உயிர்நாடி எது?

இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இன்று நான் சொல்கிற எல்லாவற்றையும் மறந்தாலும் ஒரு சொல்லை மட்டும் மறக்காதீர்கள். ஃபீடு.

இதன் முழுப் பெயர் ஆர்.எஸ்.எஸ். ஃபீடு. (சிரிப்பு) சிலர் முகம் மாறுவது தெரிகிறது! இது அந்த ஆர்.எஸ்.எஸ். அல்ல. ரியலி சிம்பிள் சிண்டிகேஷன் என்பதன் சுருக்கம். மிக எளிய முறையில் பலருக்கும் பகிர்ந்தளிப்பது என்று பொருள். இந்த முறையில் ஒலியையும் சேர்த்து அனுப்ப 2000-ம் ஆண்டு இறுதியில் டேவ் வைனர் என்ற அமெரிக்கர் வழி செய்தார். அதன் மீதுதான் இன்று உலகத்துப் பாட்காஸ்ட் எல்லாம் நிற்கின்றன.

வியாபார பாஷையில் சொல்கிறேன். நீங்கள் பேசிப் பதிந்த ஒலிக் கோப்பு, சரக்கு. அதைப் பத்திரமாக வைத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கிற இடம் ஹோஸ்டிங். அது கிடங்கு, வாடகைக்கும் கிடைக்கும், இலவசமாகவும் கிடைக்கும். கிடங்கில் என்னென்ன சரக்கு இருக்கிறது, எந்தத் தேதியில் வந்தது, எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதிய பட்டியல்தான் ஃபீடு. அந்தப் பட்டியலுக்கு இணையத்தில் ஒரு விலாசம் உண்டு. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்றவை டைரக்டரிகள்; வணிகர் சங்கம் போடுகிற விலாசப் புத்தகம் மாதிரி. "இன்னார் பட்டியல் இன்ன விலாசத்தில் இருக்கிறது" என்று அதில் ஒரு முறை பதிந்து விட்டால் போதும். கேட்பவர் கையில் இருக்கிற ஆப் அவ்வப்போது உங்கள் பட்டியலைப் போய்ப் பார்க்கும். புதிய வரி ஒன்று சேர்ந்திருந்தால் சரக்கை எடுத்து வந்து அவர் முன் வைக்கும். இப்படித் தொடர்ந்து பெற ஒப்புக் கொள்வதுதான் சப்ஸ்கிரைப் அல்லது ஃபாலோ.

விலாசப் புத்தகம் அச்சடிப்பவர் உங்கள் கிடங்கிற்குச் சொந்தக்காரர் அல்ல என்பதைக் கவனித்தீர்களா? இதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்த நம் கிராமத்துப் பிள்ளைகள் ஒரே இரவில் பூஜ்யத்திற்கு வந்தார்கள். ஏன்? சரக்கு, கிடங்கு, பட்டியல், கேட்பவர் விலாசம் எல்லாம் ஒருவரிடமே இருந்தது. அந்தக் கதவு மூடியதும் எல்லாம் மூடியது.

2024-ல் கூகுள் நிறுவனம் தன் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை மூடியது. அதிலிருந்த நிகழ்ச்சிகள் அழிந்தனவா? இல்லை! கேட்பவர்கள் வேறொரு ஆப்பிற்குப் போய், அதே நிகழ்ச்சியை அங்கே கேட்டார்கள். காரணம், ஃபீடு கூகுளிடம் இல்லை. விலாசப் புத்தகம் ஒன்று நின்று போனது. கடை அதே தெருவில் அப்படியே இருந்தது.

இந்த வித்தியாசம் புரிந்தால் பாட்காஸ்டில் பாதி புரிந்தது என்று எடுத்துக் கொள்ளலாம். "ஃபீடு எல்லாம் எதற்கு? எங்கள் ஆப்பில் மட்டும் ஏற்றுங்கள், நிறையப் பேர் கேட்பார்கள்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு எக்ஸ்க்ளூசிவ் என்று பெயர். ஒரே வியாபாரிக்கு மட்டும் சரக்குப் போடுவதாக எழுதிக் கொடுப்பது. நல்ல பணம் தந்தால் யோசிக்கலாம். சும்மா கேட்டால் எதற்குத் தர வேண்டும்?

சாவி யார் பையில்?

நம் ஊர்களில் வழக்கமாக என்ன நடக்கிறது? சங்கத்திற்கு ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்றால் விவரம் தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டு "போட்டு விடுப்பா" என்போம். அவர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்தக் கடவுச் சொல்லில் கணக்குத் திறப்பார். இரண்டு வருடம் நன்றாக ஓடும். பிறகு அவருக்கு விசா வந்து சவூதிக்குப் போவார். செல் எண் மாறும். கடவுச் சொல் மறந்து போகும். நாற்பது எபிசோட் உள்ளே இருக்க, கதவு பூட்டியே கிடக்கும். அந்தத் தம்பியின் மீது குற்றம் இல்லை. பொதுச் சொத்தின் சாவியைத் தனி மனிதர் பையில் போட்டது நம் குற்றம்.

ஆகவே ஹோஸ்டிங் கணக்கு அமைப்பின் பெயரிலுள்ள மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். கடவுச் சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். ஃபீடில் காட்டப்படுகிற உரிமையாளர் மின்னஞ்சல் எது என்று நீங்களே பார்க்க வேண்டும். டைரக்டரிகள் அந்த மின்னஞ்சலுக்குத்தான் சரிபார்ப்பு எண் அனுப்புகின்றன. "இது என் நிகழ்ச்சி" என்று நிரூபிக்கிற பட்டா அதுவே. கூலிக்குச் செய்து தருகிற ஆள் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால், பட்டா அவர் பெயரில் இருக்கிறது என்று பொருள்!

இன்னொரு சொல், ரீடைரக்ட். கிடங்கை மாற்றும் போது பழைய விலாசத்திற்கு வருகிறவரைப் புதிய விலாசத்திற்குத் திருப்பி விடுவது. கடை மாறும் போது பழைய கடைக் கதவில் பலகை மாட்டுகிறோமே, அது மாதிரி. ஹோஸ்டிங் எடுக்கும் முன்பே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளை நான் வெளியேறினால் என் ஃபீடைத் திருப்பி விடுவீர்களா? என் கோப்புகளைத் திருப்பித் தருவீர்களா?" ஆம் என்று எழுத்தில் தராத இடத்தில் சரக்கை இறக்காதீர்கள். இலவசக் கிடங்குகளின் பெயரும் முதலாளியும் மாறும் என்பதற்கு ஆங்கர் ஓர் எடுத்துக்காட்டு. 2019-ல் அதை ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2023-ல் அதன் பெயரை மாற்றியது. 2024-ல் மறுபடியும் மாற்றியது. எங்கே வைத்தாலும் அசல் கோப்பின் ஒரு நகலை உங்கள் கையில், ஹார்டு டிஸ்கில் வைத்துக் கொள்ளுங்கள்.

பதிவுக்கு வேண்டிய சொற்கள்

ஒலிப்பதிவைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இதில் விலை உயர்ந்த கருவியை விட அறைதான் முக்கியம். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். ஜவுளி வணிகர்களே, துணி பேல்கள் அடுக்கிய உங்கள் கிடங்கை விட நல்ல ஸ்டூடியோ இந்த வட்டாரத்தில் கிடையாது! துணி எதிரொலியை விழுங்கி விடும். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனில் பதிவதானால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

மைக்கில் இரண்டு ஜாதி. கண்டென்சர் என்பது மெல்லிய ஒலியையும் பிடிக்கும். தெருவில் போகிற லாரியையும் சேர்த்துப் பிடிக்கும். டைனமிக் என்பது நெருங்கிப் பேசினால்தான் பிடிக்கும்; சுற்றுச் சத்தம் குறையும். சாலையோரக் கடைகளுக்கு டைனமிக்தான் ஏற்றது. 'ப' போன்ற எழுத்துகளில் காற்று மைக்கில் மோதும் சத்தத்தைத் தடுக்கிற துணி அல்லது பஞ்சு உறை, பாப் ஃபில்டர்.

கெயின் என்பது மைக் எவ்வளவு ஒலியை உள்ளே வாங்க வேண்டும் என்று திருகி வைப்பது. அதிகம் வைத்தால் உரத்த பேச்சு தலை தட்டிக் கரகரக்கும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்துப் பயன் என்ன? கரகரத்த பதிவை முழுமையாகச் சரி செய்ய முடியாது. ஆகவே குறைத்தே வையுங்கள். பிறகு கூட்டிக் கொள்ளலாம்.

பதியும் போது வேவ் என்ற முழு வடிவத்தில் பதியுங்கள். வெளியிடும் போது எம்.பி.3 என்ற சுருக்கிய வடிவத்தில் வெளியிடுங்கள். சுருக்கத்தின் அளவைச் சொல்வது பிட்ரேட். கணக்குப் பாருங்கள். ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில் பதிந்த அரை மணி நேரப் பேச்சு வேவ் வடிவத்தில் சுமார் 159 எம்.பி. வரும். அதே பேச்சை 64 கே.பி.பி.எஸ். பிட்ரேட்டில் எம்.பி.3 ஆக்கினால் சுமார் 14 எம்.பி.தான். பேச்சுக்கு அது போதும். கேட்பவர் ரீசார்ஜ் செய்த டேட்டாவும் மிஞ்சும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இளைஞர்களே, ஆர்வத்தில் பட்டாசு அறைக்கும் மருந்து கலக்கும் இடத்திற்கும் செல்போனையோ மைக்கையோ கொண்டு போகாதீர்கள்! நேரடி ஒலி வேண்டும் என்பதற்காக உயிரோடு விளையாடக் கூடாது. தொழிலாளியின் பேச்சை வேலை முடிந்த பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் பதியுங்கள்.

லேபிளும் கவரும்

ஆப்பில் உங்கள் நிகழ்ச்சிக்கு அடையாளமாகத் தெரிகிற சதுரப் படம், கவர் ஆர்ட். ஆப்பிள் கேட்கிற அளவு குறைந்தது 1400-க்கு 1400, அதிகம் 3000-க்கு 3000 பிக்சல். ஆனால் கேட்பவர் கையில் அது கட்டை விரல் அகலம்தான் தெரியும். சிவகாசிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டுமா? தீப்பெட்டியின் மேல் ஒட்டுகிற சின்னஞ்சிறு லேபிளில் ஒரு படத்தைப் போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவரும் "அந்தப் பெட்டி கொடு" என்று கேட்க வைத்த ஊர் இது! அதே கலைதான். ஒரு படம், ஒரு பெயர், இரண்டு நிறம். கவரில் பத்துப் பேர் முகத்தையும் பொறுப்பையும் போட்டால் அது போஸ்டர். தெருச் சுவருக்குத்தான் லாயக்கு.

எபிசோடோடு சேர்த்து எழுத்தில் தருகிற குறிப்பு, ஷோ நோட்ஸ். பேச்சு முழுவதையும் எழுத்தாக்கினால் டிரான்ஸ்கிரிப்ட். காது கேளாத நம் சகோதரருக்கு உங்கள் நிகழ்ச்சி போய்ச் சேர அது ஒன்றே வழி. இணையத்தில் தேடுகிறவருக்கும் எழுத்துதான் கண்ணில் படும். நீண்ட பேச்சை நேரம் குறித்துப் பகுதி பிரிப்பது சாப்டர்.

வணிகர்களே, எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள்!

விளம்பரம் கேட்டு வருகிறவர் முதலில் சொல்வது டவுன்லோடு கணக்கு. டவுன்லோடு என்பது கோப்பு எடுக்கப்பட்ட எண்ணிக்கை. கேட்ட எண்ணிக்கை அல்ல. ஐ.ஏ.பி. என்ற விளம்பரத் துறை அமைப்பு வகுத்த முறைப்படி, குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருந்தால்தான் ஒரு டவுன்லோடு. 24 மணி நேரத்திற்குள் அதே ஆள் மறுபடி எடுத்தால் சேர்க்கக் கூடாது. "இந்த முறைப்படி எண்ணியதா?" என்று கேளுங்கள். முழிக்கிறாரா, சரளமாகப் பதில் சொல்கிறாரா என்பதிலேயே சங்கதி தெரிந்து விடும்.

சி.பி.எம். என்பது ஆயிரம் டவுன்லோடுக்கு விலை. எடுத்துக்காட்டுக்கு 200 ரூபாய் என்று பேசினால் 3,000 டவுன்லோடுக்கு 600 ரூபாய். சிறிய ஊர் நிகழ்ச்சி இந்தக் கணக்கில் பிழைக்க முடியாது. பிழைக்கத் தேவையும் இல்லை. எங்கோ இருக்கிற முப்பதாயிரம் பேரை விட, சாத்தூரிலும் சிவகாசியிலும் உங்கள் கடைக்கு நடந்து வரக் கூடிய முந்நூறு பேர் கேட்பது உங்களுக்கு லாபம். ஆகவே உள்ளூர் நிகழ்ச்சிக்கு இத்தனை மாதத்திற்கு இத்தனை ரூபாய் என்று நேரடியாகப் பேசுங்கள். அதற்கு ஸ்பான்சர்ஷிப் என்று பெயர்.

விளம்பரம் முதலில் வந்தால் ப்ரீ-ரோல், நடுவில் வந்தால் மிட்-ரோல், கடைசியில் வந்தால் போஸ்ட்-ரோல். நடுவில் வருவதற்கு விலை அதிகம். ஏனென்றால் பாதி கேட்டவர் எழுந்து போக மாட்டார். எபிசோடோடு சேர்த்தே பதிந்து விட்ட விளம்பரம் பேக்டு-இன். அது என்றென்றும் அதிலேயே இருக்கும். தீபாவளித் தள்ளுபடியைப் பேக்டு-இன் ஆகப் போட்டால் பொங்கலுக்குக் கேட்கிறவர் கடைக்கு வந்து தள்ளுபடி எங்கே என்று சண்டை பிடிப்பார்! தேதி உள்ள விளம்பரத்தை மாற்றிப் பொருத்துகிற வசதிக்கு டைனமிக் இன்சர்ஷன் என்று பெயர். கடையின் பெயரையும் நாணயத்தையும் சொல்கிற விளம்பரம் என்றால் பேக்டு-இன் நல்லது.

சட்டமும் அமானிதமும்

"சினிமாப் பாட்டில் பத்து விநாடி எடுத்தால் பரவாயில்லை" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது. பின்னணி இசை வேண்டுமானால் அனுமதி பெற்றதை, அல்லது ராயல்டி-ஃப்ரீ என்று உரிமம் தருகிற இசையைப் பயன்படுத்துங்கள். அதிலும் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். ராயல்டி-ஃப்ரீ என்றால் ஒவ்வொரு முறைக்கும் பணம் தர வேண்டாம் என்றுதான் பொருள். இலவசம் என்று பொருள் அல்ல.

ஒருவர் மீது குற்றம் சாட்டிப் பேசினால் அவதூறு வழக்கு வரலாம். ஆதாரம் இல்லாத பெயரைச் சொல்லாதீர்கள். ஆதாரம் இருந்தால் எதிர்த் தரப்பையும் கேட்டுச் சேருங்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. ஒருவர் நம்மை நம்பித் தருகிற குரல் நம்மிடம் உள்ள அமானிதம். கிராமத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. குரலை வைத்தே ஆளைக் கண்டு பிடித்து விடுவார்கள். ஆலையின் குறையைச் சொன்ன பெண்ணுக்கு மறுநாள் வேலை போனால் நாம் என்ன பதில் சொல்வோம்? ஆகவே பதிவதற்கு முன் "இது எங்கெல்லாம் போகும், யாரெல்லாம் கேட்பார்கள்" என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பதிந்த பிறகு போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வெட்டி விடுங்கள். தேவைப்பட்டால் அவர் சொன்னதை வேறொருவர் படிக்கட்டும். வெளியிட்ட பிறகு எடுத்து விடலாமே என்று எண்ணாதீர்கள். ஃபீடிலிருந்து நீக்கினாலும், ஏற்கெனவே இறக்கி வைத்தவர் செல்போனிலிருந்து நீங்காது.

என்ன செய்யலாம்?

பெரிதாகத் தொடங்க வேண்டாம். வாரத்திற்கு ஒன்று, பத்து நிமிடம். ஒரு வாரம் விருதுநகர் மார்க்கெட்டில் பருப்பும் எண்ணெயும் வத்தலும் போகிற போக்கை ஓர் அனுபவஸ்தர் சொல்லட்டும். ஒரு வாரம் பட்டாசுக் கடை உரிமத்திற்கு மனுப் போடுவது எப்படி என்று தெரிந்தவர் விளக்கட்டும். ஒரு வாரம் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவர், எதைத் தொடக் கூடாது, எப்போது எழுந்து ஓட வேண்டும் என்று சின்னப் பெண்களுக்குச் சொல்லட்டும். இதில் எந்த மதத்தவர், எந்த ஜாதியார் என்ற பேச்சே வர வேண்டியதில்லை. வெடி அதைப் பார்த்து வெடிப்பதில்லை.

பல நிகழ்ச்சிகள் ஏழெட்டு எபிசோடில் நின்று போகின்றன. இதற்கு பாட்ஃபேடு என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். திரி அணைந்து போவது. அது நேராமல் இருக்க, நான்கு எபிசோடைப் பதிந்து கையில் வைத்துக் கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். முன் சரக்கு இல்லாமல் யாராவது கடை திறப்பார்களா?

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டித் தொழிலை அங்கே கற்றுக் கொண்டு வந்து இங்கே நிறுவினார்கள். அந்தத் தொழிலின் இயந்திரப் பெயர்களும் மருந்துப் பெயர்களும் அவர்களுக்கும் முதலில் புதியவையாகத்தான் இருந்திருக்கும். சொல்லைக் கற்றார்கள், தொழிலைக் கைப்பற்றினார்கள். கூலிக்காரராகத் திரும்பி வரவில்லை, சொந்தக்காரராக வந்தார்கள்.

நீங்களும் இந்தச் சொற்களைக் கற்றுக் கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து வீட்டிற்குப் போனதும், ஏற்கெனவே ஏதாவது நிகழ்ச்சி நடத்துகிற தம்பிகள் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். நம் ஃபீடின் விலாசம் என்ன? அதன் மின்னஞ்சல் யாருடையது? பதில் தெரியவில்லை என்றால் அடுத்த எபிசோடைப் பதிவதை நிறுத்தி வைத்து விட்டு, முதலில் இதைச் சரி செய்யுங்கள்.